75 வாட்டுக்குள் ஒரு கேமிங் கார்டு: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

என் அக்கா மகன் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் ஒரு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் வாங்கினான். ஐ5-4590 பிராசஸர், 8 ஜிபி ராம், ஏதோ ஒரு ஆபீஸில் பல வருடம் ஓடிய பெட்டி. படிப்புக்கு அது தாராளம். கேம் விளையாடவும் ஆசை, அதனால் சேர்த்து வைத்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கிராபிக்ஸ் கார்டும் வாங்கி வந்துவிட்டான். மாட்டப் போனால், கார்டின் மேல் விளிம்பில் எட்டு பின் சாக்கெட் ஒன்று காலியாக நிற்கிறது. பெட்டிக்குள் அதற்குப் பொருந்தும் ஒயரே கிடையாது. கடையில் கேட்டதற்கு, ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா ஒயர் இரண்டைச் சேர்த்து எட்டு பின்னாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "மாமா, இதை மாட்டிடலாமா?" என்று போன் செய்தான்.

மாட்டவே கூடாது என்றேன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி அதில் கேம் விளையாட நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கார்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, கரன்ட் எங்கிருந்து வரும் என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை வராது. முதலில் கரன்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., அப்புறம் கார்டு சொருகும் ஸ்லாட், அப்புறம் பெட்டியின் இடம், அதற்குப் பிறகுதான் கார்டு.

முதல் வேலை: ஸ்டிக்கரைப் படியுங்கள்

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பவர் ஒயர் வந்து சொருகும் இரும்புப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மொபைல் டார்ச்சை அடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது அந்த போட்டோ கையில் இருக்க வேண்டும்.

ஸ்டிக்கரில் பெரிதாக இருக்கும் மொத்த வாட் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது 12 வோல்ட் கரன்ட். அந்த வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்றிருந்தால், 12 பெருக்கல் 18, ஆக 216 வாட். 12 வோல்ட் இரண்டு மூன்று வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்தால் எல்லாவற்றையும் கூட்டிவிடாதீர்கள். எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் இவ்வளவுதான் என்று கீழே ஒரு வரி இருக்கும், அதுதான் உண்மையான எண்.

டெல், எச்.பி. போன்ற கம்பெனிகளின் ஆபீஸ் பெட்டிகளில் வாட் குறைவாக இருந்தாலும் போட்டிருக்கும் எண்ணை நம்பலாம். கேபினட்டோடு சேர்த்து மலிவாகத் தரும் லோக்கல் எஸ்.எம்.பி.எஸ். அப்படியில்லை. மேலே 450 வாட் என்று பெரிதாக இருக்கும்; 12 வோல்ட் வரிசையைப் பெருக்கிப் பார்த்தால் அதில் பாதிகூட வராத பெட்டிகள் உண்டு. ஒரு நல்ல 290 வாட் பெட்டியை அப்படிப்பட்ட 450-ஐ விட நான் நம்புவேன்.

அதிகம் கைமாறும் சில பெட்டிகளின் கணக்கு இது. ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரில் 290 வாட், அதன் எஸ்.எஃப்.எஃப். என்று சொல்லும் சின்னப் பெட்டியில் 255. ஆப்டிபிளெக்ஸ் 7050 டவரில் 240, சின்னதில் 180. எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி1 டவரில் 320, சின்னதில் 240. புது மாடல் என்றால் வாட் கூடும் என்று நினைக்க வேண்டாம். 7050 பிந்தைய மாடல், வாட் குறைவு. எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாராவது மாற்றியும் இருக்கலாம், அதனால் எப்போதும் ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும்.

கணக்கு போடுவது எப்படி

பிராசஸருக்கு எவ்வளவு வேண்டும் என்பது அதன் பெயரைத் தேடினால் கிடைக்கும். ஐ5-4590 என்றால் 84 வாட்; ஐ5-6500, ஐ5-7500, ஐ5-8500 எல்லாம் 65 வாட். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க், ஃபேன், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 வாட் என்று ஒதுக்குங்கள். அப்புறம் கார்டு. மொத்தமும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு.

அக்கா மகன் பெட்டியில் 84, 40, இரண்டும் சேர்ந்து 124. அவன் வாங்கிய கார்டுக்கு 130 வாட். ஆக 254. "290-க்குள்தானே மாமா வருது?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கார்டு எப்போதும் ஒரே சீராகக் கரன்ட் இழுக்காது. கேமில் காட்சி சட்டென்று மாறும் நொடியில் சொன்ன அளவை விட மேலே எகிறி இறங்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பத்து வருடம் உழைத்தது. அப்படி எகிறும்போது பெட்டி சட்டென்று அணைந்துவிடும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று அதன் சிப்பைச் செய்யும் என்விடியாவே சொல்கிறது. அந்த எண்ணில் கொஞ்சம் தாராளம் உண்டு, ஆனால் 290 என்பது வெகு தூரம் கீழே.

கன்வெர்ட்டர் ஆபத்து இன்னும் பெரியது. சாட்டா பவர் ஒயர் ஒன்று 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் தரலாம், அதாவது 54 வாட். இரண்டைச் சேர்த்தாலும் 108. எட்டு பின் சாக்கெட்டோ 150 வாட் வரை கேட்க உரிமை உள்ளது. அந்த இரண்டு சாட்டா முனையும் பெரும்பாலும் ஒரே மெல்லிய ஒயரில் தொங்குபவை. ஒயர் சூடேறி பிளாஸ்டிக் உருகும். வீட்டில் பிள்ளைகள் தூங்கும் அறையில் இருக்கிற பெட்டி அது. சாட்டாவிலிருந்து ஆறு பின், எட்டு பின் ஆக்கும் கன்வெர்ட்டரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்லாட் தருவது 75 வாட்

கார்டு சொருகும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே தன் வழியாக 75 வாட் வரை கொடுக்கும். அதில் 66 வாட் 12 வோல்ட்டில் வருகிறது, மீதி 3.3 வோல்ட்டில். இதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயரே வேண்டாம். மேலே ஆறு பின் இருந்தால் இன்னொரு 75, எட்டு பின் இருந்தால் 150 சேரும். ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த ஒயர்கள் இருக்காது. ஆகவே நம் எல்லைக்கோடு 75 வாட். சில சின்னப் பெட்டிகளில் ஸ்லாட்டே 75-க்குக் குறைவாகத்தான் தரும். மாடல் பெயர் போட்டு மேனுவலில் ஸ்லாட் பற்றிய பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் எதில் சொருகுவது என்பதும் முக்கியம். 9020 டவரில் நீல நிறத்தில் இருப்பதுதான் 16 லேன், அதாவது டேட்டா போகும் பாதைகள், முழுதாக உள்ளது. கறுப்பு ஸ்லாட் பார்க்க அதே நீளம், உள்ளே நான்கு லேன்தான். கார்டு நீலத்தில் போக வேண்டும்.

அளவுகோலை எடுங்கள்

டவர் என்றால் முழு உயரக் கார்டு உட்காரும். ஸ்லாட்டிலிருந்து எதிரே ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாட்டா ஒயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஃபேன் கார்டுகள் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் வாக்கில் முடிந்துவிடும்.

எஸ்.எஃப்.எஃப். பெட்டிக்கு லோ புரொஃபைல் கார்டுதான் போகும், அதாவது பாதி உயரக் கார்டு. கார்டோடு குட்டை பிராக்கெட் வருகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் அது அடிக்கடி தொலைந்திருக்கும். கார்டின் தடிமன் ஒரு ஸ்லாட்டா, இரண்டு ஸ்லாட்டா என்பதையும் பாருங்கள். பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ். முட்டிக்கொண்டு நின்றால் இரண்டு ஸ்லாட் கார்டு உட்காராது.

இப்போது கார்டு

புதிதாக வாங்கப் பணம் இருந்தால் என் முதல் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. இங்கேதான் அக்கா மகன் தவறினான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கின்றன. 8 ஜிபி உள்ளது 130 வாட், எட்டு பின் ஒயர் கேட்கும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட், ஒயர் வேண்டாம். உள்ளே கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கையும் வேறு: 8 ஜிபியில் 2560, 6 ஜிபியில் 2304. பெயரில் உள்ள 3050 என்பதோடு நிற்காமல் ஜிபியையும் படித்துவிட்டு வாங்க வேண்டும். 75 வாட்டுக்குள் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் இதற்கு மிஞ்சியது இல்லை என்றே சொல்வேன். படத்தைக் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கி கேமை வேகமாக்கும் டிஎல்எஸ்எஸ் இருக்கிறது, லோ புரொஃபைலிலும் கிடைக்கிறது. கார்டு வரும் அட்டைப்பெட்டியில் 300 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று போட்டிருக்கும். 290 வாட் டெல் வைத்திருப்பவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம். 84, 40, 70 கூட்டினால் 194, முக்கால் பங்குக்குள்தான் வருகிறது.

செகண்ட் ஹேண்டில் நல்லது ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, 75 வாட், 4 ஜிபி. வாலரண்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை 1080 பி-யில் நிம்மதியாக ஓட்டும். இதிலும் இரண்டு வகை மெமரி உண்டு. ஜிடிடிஆர்6 உள்ளது கிடைத்தால் எடுங்கள், அதன் மெமரி வேகம் நொடிக்கு 192 ஜிபி, மற்றதில் 128. ஆனால் ஓவர்கிளாக் செய்து, அதாவது வேகத்தைக் கூட்டி விற்ற பல 1650 கார்டுகளில் ஆறு பின் சாக்கெட் இருக்கும். கார்டின் மேல் விளிம்பை நேரில் பாருங்கள், ஆன்லைனில் என்றால் அந்த விளிம்பின் போட்டோ கேளுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒயர் வேண்டாத கார்டாகிவிடாது. 2022-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1630 எண்ணில் பக்கத்தில் இருந்தாலும் வேகத்தில் 1650-க்கு வெகுவாகக் கீழே, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பல வருடம் இந்த வேலைக்குப் பேர் போன கார்டு. இப்போது நான் சிபாரிசு செய்வதில்லை. அதற்கும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடி 1030 ஆகியவற்றுக்கும் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வரும். வீட்டில் ஏற்கனவே இருந்தால் வைத்து விளையாடுங்கள், காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டாம்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். 180, 200 வாட் பெட்டிக்காரர்களுக்கு இது கவர்ச்சியானது, ஒற்றை ஸ்லாட் லோ புரொஃபைலிலும் வருகிறது. ஆனால் அது நான்கு லேனில்தான் பேசும், அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-க்காகச் செய்தது. நம் பழைய பெட்டிகளில் உள்ளது 3.0. அந்த நான்கு லேனின் வேகம் அங்கே பாதியாகிவிடும், மெமரி நிறையக் கேட்கும் கேம்களில் அது தெரியும். செட்டிங்ஸைக் குறைத்து 4 ஜிபிக்குள் வைத்துக்கொள்ளத் தயார் என்றால் வாங்கலாம். கேம் விளையாடுவதை ரெக்கார்ட் செய்து யூடியூபில் போடுபவர்கள் வாங்க வேண்டாம், வீடியோ என்கோடர் அதில் இல்லை.

இன்டெல் ஆர்க் ஏ380 ஸ்பெக்கில் 75 வாட், 6 ஜிபி என்று நன்றாகத்தான் தெரியும். ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அதன் வேகம் படுத்துவிடும். நான்காம், ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள ஆபீஸ் பெட்டிகளுக்கு அது சரிவராது.

எஸ்.எஃப்.எஃப். வைத்திருப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு வழி உண்டு: கம்பெனிகள் டிசைன் வேலைக்கு வாங்கி, பிறகு விற்றுவிடும் ஒர்க்ஸ்டேஷன் கார்டுகள். என்விடியா டி1000 வெறும் 50 வாட், ஒற்றை ஸ்லாட், பாதி உயரம். 1650-இல் உள்ள அதே 896 கோர்கள். ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்பது 70 வாட், 3328 கோர்கள், இதுவும் பாதி உயரம்தான், தடிமன் மட்டும் இரண்டு ஸ்லாட். கேமுக்கு இரண்டுமே நன்றாக ஓடும். இவற்றில் மினி டிஸ்பிளேபோர்ட் மட்டுமே இருக்கும், கேபிள் அல்லது கன்வெர்ட்டர் சேர்த்து வாங்குங்கள். ஏ2000 நியாயமான விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுவேன்.

ஜிடி 1030 பற்றி ஒரு எச்சரிக்கை. டிடிஆர்4 மெமரி போட்ட வகை ஒன்று அதே பெயரில் உலவுகிறது. ஜிடிடிஆர்5 உள்ளதன் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இதிலோ 17-க்கும் கீழே. அதை வாங்குவதும் வாங்காததும் ஒன்றுதான்.

கிரிப்டோ மைனிங் முடிந்து மலிவாக வந்து குவிந்த ஆர்எக்ஸ் 580-ஐக் கடைக்காரர் நீட்டுவார். 8 ஜிபி என்று கேட்க இனிக்கும். 185 வாட். நம் கணக்கில் அது இல்லை.

செகண்ட் ஹேண்டில் ஏமாறாமல் இருக்க

பழைய கார்டின் பயாஸை, அதாவது உள்ளே இருக்கும் அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்பவர்கள் உண்டு. ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். கடையிலேயே கார்டை மாட்டி அதைத் திறக்கச் சொல்லுங்கள். போலி என்று கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே காட்டிவிடும். இல்லாவிட்டாலும் ஷேடர் எண்ணிக்கையை (மேலே சொன்ன கோர்கள்தான்) நீங்களே பாருங்கள்: 1050 டிஐ என்றால் 768, 1650 என்றால் 896, 3050 6 ஜிபி என்றால் 2304. இந்தக் கார்டுகளில் பழைய நீல நிற விஜிஏ போர்ட் இருந்தாலே சந்தேகப்படுங்கள். பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ரசீதில் ஒரு வாரமாவது மாற்றித் தருவதாக எழுதி வாங்குங்கள்.

கார்டுக்கு முன்னால் ராம்

இதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. நிறைய ஆபீஸ் பெட்டிகளில் ஒரே ஒரு ராம் குச்சிதான் இருக்கும். அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இரட்டை சேனல் ஆக்கி, மொத்தம் 16 ஜிபிக்குக் கொண்டுவந்தால் கேம் திக்கித் திக்கி ஓடுவது வெகுவாகக் குறையும். பழைய டிடிஆர்3 குச்சி செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைக்கும். ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் ஓடுகிறது என்றால் ஒரு எஸ்.எஸ்.டி.யும் அவசியம். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்கி, இவற்றை வாங்குங்கள்.

மாட்டும்போது

பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மிச்சக் கரன்ட்டை வெளியேற்றுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டின் தங்க நிறக் கால்களை ஸ்லாட்டுக்கு நேராக வைத்து, இரண்டு முனையையும் ஒரே சீராக அழுத்துங்கள். ஸ்லாட் கடைசியில் உள்ள கொக்கி 'டக்' என்று பிடிக்க வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் கார்டு முழுதாக உட்காரவில்லை.

மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள், பழைய இடத்தில் மதர்போர்டில் அல்ல. "கார்டு போட்டதும் ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டது" என்று வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான். மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் படம் வரவில்லை என்றால், கார்டைக் கழற்றி பழையபடி ஓடவிட்டு, கம்பெனி தளத்தில் உள்ள கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்டு, பூட் முறை யூஇஎஃப்ஐ-யில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்குங்கள்.

வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். மேலே சொன்ன பெட்டியும் மானிட்டரும் அதில் அடங்கும், ஆனால் கரன்ட் போனதும் கேமைத் தொடராமல் சேவ் செய்து அணைத்துவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றலாமா என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் முதலில் மதர்போர்டில் சொருகும் ஒயரைப் பாருங்கள். 9020-இல் வழக்கமான 24 பின் கிடையாது, டெல்லுக்கே உரிய எட்டு பின். எச்.பி., லெனோவோ ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி. அதற்கென்று 24 பின்னிலிருந்து மாற்றும் கேபிள் கிடைக்கிறது. டவரில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டு இப்படிச் செய்யலாம். சின்னப் பெட்டியில் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். உட்காரவே உட்காராது. எஸ்.எம்.பி.எஸ்., கேபிள், பெரிய கார்டு என்று செலவு ஏறும்போது, அந்தப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்கு ஒதுக்குவது நல்லது என்பது என் எண்ணம்.

அக்கா மகன் கார்டைக் கொடுத்து, கொஞ்சம் பேசி, 6 ஜிபி உள்ளதாக மாற்றி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்டினோம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் ஜிடிஏ ஓட்டினான். கார்டு 69 வாட், 64 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. எஸ்.எம்.பி.எஸ். மேல் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். அந்தக் கன்வெர்ட்டரை மட்டும் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று ஒயரை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டோம்.